நாற்பத்திரண்டரை கிலோ சாமை

பத்தாம் வகுப்பில் 417 மதிப்பெண். காதால் கேட்டே படித்து பி.காம். இருபத்தாறு பேரோடு போட்டியிட்டு வாங்கிய, ஜமுனாமரத்தூர் சாமை விவசாயிகள் சங்கத்தில் மூட்டை எடைகளைக் கணினியில் பதியும் வேலை. பிறவியிலேயே பார்வையில்லாத என் தம்பி கோகுல்ராஜ் ஜெயித்தவை இவை. ஆனாலும் கையெழுத்து என்றால் எல்லா இடத்திலும் அவனிடம் மைப்பெட்டியைத்தான் நீட்டுவார்கள். கட்டைவிரலை அழுத்திவிட்டு வருவான்.

திரையில் உள்ளதை ஒரு தமிழ்க்குரல் வாசிக்கும், அதைக் கேட்டு வேலை செய்வான். 2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை அந்தக் குரல் நின்றுபோனது. அதை விற்ற நிறுவனம் மூடப்பட்டிருந்தது, உரிமத்தைப் புதுப்பிக்க வழியில்லை.

"லேப்டாப்ப வூட்டுக்கு எடுத்துட்டுப் போ. அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வேற ஆளுதான்," என்றார் செயலாளர் தீர்த்தகிரி.



அந்த நிறுவனம் குரலின் பழைய நிரலை எவரும் திருத்தலாம் என்று எப்போதோ பொதுவில் விட்டிருந்தது. வெவ்வேறு ஊர்களில் இருந்த சிலர் சம்பளம் இல்லாமல் அதைப் பராமரித்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான வாணியம்பாடி அதீபா அனுப்பியதை வெள்ளிக்கிழமை ஏற்றினோம். திரையில் வந்த ஆங்கில எழுத்துகளை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

குரல் வந்தது. ஆனால் 42.5 கிலோ மூட்டையை, நானூற்று இருபத்தைந்து என்றது.

"யான வந்துதான் தூக்கணும்கா," என்றான். சிரிக்கவில்லை.

அறுபத்துமூன்று எடைகளைப் போட்டுப் பார்த்து, தவறியவற்றைக் குறித்தேன். புள்ளி உள்ளவை மட்டுமே தவறின. எண்ணை வாசிக்கும் விதிகளை அவன் வரிவரியாகக் கேட்டான். ஆயிரத்துக்கு இடும் காற்புள்ளியை நீக்கும் விதி, தசமப் புள்ளியையும் சேர்த்து நீக்கியது. ஞாயிறு பிற்பகல் அந்த ஒரு வரியைத் திருத்தினான்.

அதீபா போனில் சொன்னார்: "திருத்தத்துக்குக் கீழ உங்க பேரப் போட்டு அனுப்புங்க தம்பி. அதான் கையெழுத்து. பேர் இல்லாம சேத்துக்க மாட்டோம்."

"எனக்குக் கைநாட்டுதாங்க பழக்கம்."

"இதுல மை ஒட்டாதுங்களே!"

பெயரைத் தட்டினான். குரல் அதை வாசித்தது. இன்னொரு முறை வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு அனுப்பினான்.

திங்கட்கிழமை பதினெட்டு மூட்டைகளின் எடையைப் பிசகாமல் ஏற்றினான். தீர்த்தகிரி வேலை நீட்டிப்புத் தாளோடு மைப்பெட்டியையும் நகர்த்தினார்.

"பேனா குடுங்க சார்."

"இன்னாடா, கையெழுத்தெல்லாம் போடுவியா?"

"நேத்தே போட்டுட்டேன் சார்."

சிறுவயதில் அவன் உள்ளங்கையில் நான் எழுதிக் காட்டிய எழுத்துகள், தாளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அது இரண்டாவது கையெழுத்து. முதலாவது, 2024 ஆகஸ்ட் 18.