இஞ்சி பீர்க்காரரின் ஆத்தா

போன வாரம் தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், தகர டப்பாவில் ஜிஞ்சர் பீர் பார்த்தேன். வாங்கிக் குடித்தேன். இனிப்பு இருந்தது, கேஸ் இருந்தது, மூக்கில் ஏறும் அந்தப் புளித்த நெடி மட்டும் இல்லை. நின்ற இடத்திலேயே போடி ஞாபகம் வந்துவிட்டது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஓர் ஊரில் ஆறு மாதம் தங்கினால் அதிகம். போடியில் ஞானமுத்து முதலாளியின் இஞ்சி பீர் கம்பெனியில் மட்டும் இரண்டு வருஷம் பாட்டில் கழுவினேன். சாராயம் இல்லை, இஞ்சியும் சர்க்கரையும் புளித்துப் பொங்குகிற பானம்தான். ஆனாலும் லேபிளில் 'பீர்' என்று இருந்ததால், சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் யோசிப்பார்கள். "நம்ம பெஞ்சுல காத்து நல்லா வரும்லே," என்பார் முதலாளி.

மலைமேல் எஸ்டேட் பங்களா சமையல்காரர் ஒருவர் கொடுத்த, பீரைப் புளிக்கவைக்கும் கருவை, உறைமோர் வாங்கி வருவதுபோல ஒரு குப்பியில் ஊற்றி, போடிமெட்டு வழியாக நடந்தே இறங்கித் தொழிலைத் தொடங்கினாராம். நான் சேர்ந்தபோது கம்பத்திலிருந்து மதுரை வரை அவர் பீருக்குப் பேர். அந்தக் கரு ஒரு பீங்கான் ஜாடியில் உயிரோடு இருந்தது. தினம் இரண்டு வேளை இஞ்சித் துருவலும் சர்க்கரையும் போட வேண்டும், விட்டால் செத்துப்போகும். அதை 'ஆத்தா' என்பார். எங்கே போனாலும், "ஆத்தா தனியா இருக்கு" என்று ஓடி வந்துவிடுவார். ஒரு கண்டக்டர் பரிதாபப்பட்டு, "எத்தன வருசமாய்யா படுக்கையில கெடக்கு?" என்று கேட்டிருக்கிறார். "முப்பது வருசமா ஜாடியில கெடக்கு" என்றாராம் இவர்.

மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் எஸ்தரை மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவாராம். அவளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வருஷமாகியும் இவர் போய்ப் பார்க்கவில்லை. நான்தான் பிடித்துத் தள்ளினேன்.

"ரெண்டு நாளு நான் பாத்துக்கிறேன் மொதலாளி. போய்ட்டு வாங்க."

"மறந்துர மாட்டியே?"

"எனக்குச் சோறு மறந்தாலும் ஆத்தாளுக்குத் தீனி மறக்காது."

ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார். நான் ஜாடிக்குத் தீனி போட்டேன். வாழ்க்கையில் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். மத்தியானம் பார்த்தால் வாசலில் நிற்கிறார், கையில் அதே கிலுகிலுப்பை. போடிமெட்டில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்.

"ஒன்ன நம்பாம இல்லலே," என்று சொல்லிக்கொண்டே ஜாடியை முகர்ந்து பார்த்தார்.

எனக்கு ரோஷம். மறுநாளே லாரி ஏறித் திருப்பூர் போய்விட்டேன். அந்த வீட்டில் அவரோடு பேச இருந்தவன் நான் ஒருவன்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அவர் இறந்த சேதி கேட்டு வந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எஸ்தர் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். இங்கே பாட்டில் கழுவினவன் என்று சொன்னேன். வாசல் சாக்கடையில் இஞ்சி நெடி.

"ஆத்தாளக் கொட்டிட்டேன்ணே. இனிமே யாரு தீனி போடுறது? எம்புள்ள மொகத்தப் பாக்கக்கூட விடலயே அது."

"ஒருக்கா வந்தாகம்மா. போடிமெட்டு வரைக்கும்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"போடிமெட்டா? அங்கனருந்து எங்க வீடு அரை மணி நேரம்ணே."

நுரை அடங்கும்வரை இருவரும் சாக்கடை ஓரம் நின்றோம். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் யாரும் அந்த பீர் போடவில்லை.