வண்டுத் தீர்த்தம்

பின்கழுத்தில் சொட்டென்று விழுந்த அந்தத் துளியின் குளிர்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டத்துக்கு நாற்பது பேராக நடந்துகொண்டிருந்தோம். எனக்கு ஏழு வயதிருக்கும். கடலோரத்து முட்காட்டில் குடிக்கத் தண்ணீர் அகப்படாது. சில்வண்டுச் சத்தம் மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காதைத் துளைக்கும்.

அப்பா காய்ச்சலில் ஒரு பாலை மரத்தடியில் விழுந்துவிட்டார். வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போவதுதான் அந்நாள் வழக்கம்.

"ஏ புள்ள, எந்திரி," என்றார் எங்களை அழைத்துவந்த கங்காணி அம்மாவிடம். "ஒருத்தனுக்காக நாப்பது பேரும் இங்க கெடந்து சாகவா? புள்ளையையாச்சும் காப்பாத்து."

அந்நேரம் பார்த்துத்தான் மரத்திலிருந்து துளிகள் உதிர்ந்தன. அம்மா கைகூப்பிவிட்டாள். "பாருங்கய்யா, மாரியாத்தா தீர்த்தம் தெளிக்கிறா. இவரை எடுத்துக்க மாட்டா. நான் வரலை."

கங்காணி கிளையைப் பார்த்துச் சிரித்தார். "அடி பைத்தியமே, அது சில்வண்டு பேயுற மூத்திரம்டி!" கூட்டமே சிரித்தது.

"எது வழியா வந்தா என்னங்க, அனுப்புனவ அவதானே" என்று அம்மா உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாரும் போய்விட்டார்கள். கங்காணி மட்டும் திரும்பி வந்து, தன் சுரைக்குடுக்கையை வைத்துவிட்டுப் போனார். அதில் இரண்டு மிடறு தண்ணீர் இருந்தது. அது தீர்ந்த பிறகு அம்மா முந்தானையை மரத்தடியில் விரித்து, துளி பட்ட ஈரத்தை அப்பாவின் உதட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

மறுநாள் உச்சிவேளையில் வண்டுகள் சட்டென்று அடங்கின. ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவை அப்படித்தான் வாயடைக்கும். பின்னால் இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் தண்ணீர் கொடுத்து, அப்பாவைக் கம்பளியில் கிடத்தி அடுத்த மடம்வரை தூக்கிச் சென்றார்கள்.

அதற்குப் பிறகு அதே கங்காணியின் கீழ் அம்பிட்டியத் தோட்டத்தில் அப்பா இருபது வருஷம் கோப்பி பறித்தார். கங்காணி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "என்னப்பா வண்டுத் தீர்த்தம், சௌக்கியமா?" என்பார். அப்பா சிரிப்பார். அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்தக் கோப்பிச் செடிகள் இலை நோயில் பட்டுப்போய், அதே மேட்டில் இப்போது தேயிலை நிற்கிறது. அம்மா, அப்பா, கங்காணி மூவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுப் பலா மரத்தில் வெயில் காலத்தில் சில்வண்டு கத்தும். துளி விழுந்தால் என் பிள்ளைகள் "சீ" என்று விலகி ஓடுகிறார்கள். அது என்னவென்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் நகருவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நிற்கிறேன்.