ஹில்மரிடம் கேட்காத கேள்வி

இருபத்தாறு வருடமாக எல்ஸ்டாட் நகராட்சியில் லவோன் ஹாகனுக்குப் பிறப்பு இறப்புப் பதிவும் நாய் உரிமமும்தான் வேலை. ஏப்ரலில் ஆறு பெருகினால் மட்டும் வயர்லெஸ் பெட்டி அவள் மேஜைக்கு வந்துவிடும். கரையில் ரோந்து போகிறவர்கள் அவளிடம் நிலைமையைச் சொல்வார்கள், மணல் மூட்டையையும் ஆட்களையும் அவள் அனுப்புவாள். அதற்கென்று தனி ஆள் போட அந்தச் சின்ன ஊருக்கு வக்கில்லை.

அந்த வருடம் தெற்கே பனி ஒரே வாரத்தில் உருகியது. ஆறு வடக்கு நோக்கி ஓடுவது; அங்கே அது இன்னும் கல்லாக உறைந்து கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர் ஊரைச் சுற்றி ஏறியது. ஐந்தாம் நாள் மதியம் லவோன் கையில் மிச்சமிருந்தது ஒரு லாரி மூட்டையும் இருபது ஆட்களும். அடுத்த லாரி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

அப்போதுதான் வடக்குக் கரையிலிருந்து டிராவிஸ் கத்தினான். வறண்ட அரிசோனாவிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன இன்ஜினியர்.

"மேடம், கரை கசியுது! போயிரும் போலிருக்கு, சீக்கிரம் ஆள் அனுப்புங்க!"

"கலங்கலா வருதா, தெளிவா வருதா?"

"தெரியல மேடம்! என் பூட்ஸெல்லாம் நனைஞ்சிருச்சு!"

தெளிந்து வந்தால் கரை நிற்கும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்.

மில் தெருக் கரையிலிருந்து ஹில்மர் குறுக்கிட்டார். எழுபத்தொரு வயது, பீட் கிழங்கு விவசாயி, தேவாலயத்தில் லவோனுக்கு முன் பெஞ்சுக்காரர். அந்தக் கரைக்குப் பின்னால் முப்பத்தொரு வீடுகள், அவருடையதும் சேர்த்து.

"இங்கயும் கொஞ்சம் ஈரந்தாம்மா. பரவால்ல. நீ அந்தப் பையனுக்கு அனுப்பு. தலை துவட்ட ஒரு துண்டும் குடுத்து விடு."

வயர்லெஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். லவோனும் சிரித்தாள். டிராவிஸிடம் கேட்ட கேள்வியை ஹில்மரிடம் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆற்றோடேயே பிறந்து வளர்ந்த மனிதரைச் சோதிப்பதுபோல் ஆகிவிடும். லாரி வடக்கே போயிற்று.

போன பிறகுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. அறுவடை இயந்திரத்தில் இரண்டு விரல் போன அன்று, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தானே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஹில்மர். நர்ஸிடம் அன்றைக்கும் பரவாயில்லை என்றுதான் சொன்னாராம். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். வலிக்கிறது என்று சொன்னால் அடுத்தவர் தலையில் பாரம் ஏற்றியதாகிவிடும். லவோனே அப்படி வளர்ந்தவள்தான்.

"ஹில்மர், இப்ப எப்படி இருக்கு?"

"சமாளிச்சிக்கிட்டிருக்கேன்."

"தண்ணி என்ன நெறம்?"

"காபி நெறம்மா."

லவோன் எழுந்து அபாயச் சங்கைத் தட்டிவிட்டாள். "விட்டுட்டு ஓடுங்க ஹில்மர்! இப்பவே!"

"முனை வீட்டுக் கிழவிக்குக் காது கேக்காது. சொல்லிட்டுப் போறேன்."

பன்னிரண்டு நிமிடத்தில் கரை போயிற்று. முப்பத்தொரு வீட்டிலும் ஹில்மரைத் தவிர எல்லாரும் தப்பினார்கள், முனை வீட்டுக் கிழவி உட்பட. அவர் உடலை மறுநாள் காலை ஒரு வேலியோரம் கண்டெடுத்தார்கள். வடக்குக் கரையில் கசிந்தது தெளிந்த தண்ணீர்தான் என்று டிராவிஸ் நகராட்சிக்கு வந்து சொன்னான். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வீடிழந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்குக் கட்டில்களுக்கு நடுவே ஹில்மரின் மனைவி ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த கோட்டு தோளில் கிடந்தது.

"லாரிய அனுப்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேட்டியா, லவோன்?"

"கேக்கல."

ஆர்டிஸ் தலையை ஆட்டினாள். குரல் உயரவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. தானா சொல்ற ஆள் இல்ல, அவ்வளவுதான்."

பிறகு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். லவோனால் உட்கார முடியவில்லை.