பெயரை அழித்து ஊரை எழுதியவர்

போன செவ்வாய்க்கிழமை காலை முதல் ஷிஃப்ட் பஸ் உள்ளே வந்து நின்றதும் டிரைவர் பசவராஜ் நேராக என் அறைக்கு வந்தார். ஒருநாளும் அலுவலகப் படி ஏறாதவர். "மேடம், முனிரத்தினம் சார் ஹோக்பிட்ரு" என்றார். ஓசூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இந்தக் கன்னடம் புரியாமல் இல்லை. போய்விட்டார் என்கிறார். புரிந்தும் "எங்கே போனார்?" என்றுதான் கேட்டேன். நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

முனிரத்தினத்தைத் தெரிந்தவர்கள் நம் தொழிற்பேட்டையில் நிறையப் பேர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் எதிர்க் கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பர்சனல் ஆபீசர். நான் எங்கள் கம்பெனியில் அதே வேலை. ஆள் எடுப்பதில் இரண்டு கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். அவர்கள் பழக்கிய ஆளை நாங்கள் இழுப்போம், நாங்கள் பழக்கிய ஆளை அவர்கள் இழுப்பார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான புதிதில், ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவரே பேச்சை ஆரம்பித்தார். "நாம ரெண்டு பேரும் ஒரே ஏரியில எதிரெதிர் கரையில உக்காந்து தூண்டில் போடறோம் மேடம். ஏரியில என்னா மீனு இருக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா மட்டும் எனக்கு ரெண்டு மீன் கூடக் குடுத்திருவீகளாக்கும்" என்றேன். நான் விருதுநகர்க்காரி. என் பேச்சு காதில் விழுந்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "உங்க தமிழுக்கு ஒரு ஆளு வச்சுத்தான் அர்த்தம் கேக்கணும்" என்பார். வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பேசிக்கொண்டு, கணக்கை மட்டும் தமிழில் போடுகிற மனுஷன் என் தமிழைக் கேலி செய்தார்.

அந்த டீயில் தொடங்கியதுதான். அக்கம்பக்கத்து நான்கு கம்பெனிகள் தங்கள் விவரங்களை மாதம் ஒருமுறை ஒன்றாக வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. எந்த ஊரிலிருந்து யார் சேர்ந்தார்கள், யார் வேலையை விட்டு நின்றார்கள், எந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்று எல்லாம் வரும். வெளியூரிலிருந்து காண்ட்ராக்டர் ஏற்றிவரும் ஆட்களையே நம்பாமல், சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு வேலை போய்ச் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. நாங்கள் எண்களைக் கூட்டிப் பார்த்துத் தலையாட்டுவோம். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்தவங்க இருக்கட்டும். இதுல யாரு இல்லை?" என்று கேட்பார். ஒவ்வொரு மாதமும் இதே கேள்வி. சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

முதலில் கண்ணில் பட்டது கெலமங்கலம். நான்கு கம்பெனித் தாளிலும் ஊர் என்ற இடத்தில் அந்தப் பெயர் வரிசையாக இருந்தது. உடனே பொதுவாக ஒரு பஸ் விட்டோம். கெலமங்கலம் பஸ் ஸ்டாண்டில் முதல் ஷிஃப்டுக்கு ஏற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். தன் சர்க்கரை வியாதியை மறந்து தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். திட்டினேன், கேட்கவில்லை.

அடுத்த வருஷம் கௌரம்மா என்ற பெண் எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தாள். கை வேகம் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஆனால் ஏற்கெனவே இரண்டு கம்பெனியில் சேர்ந்து நின்றுபோனவள் என்று பொதுத் தாளில் அவள் பெயர் இருந்தது. எங்கள் ஃபேக்டரி மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இந்த லிஸ்ட் நல்லா உதவுதே" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் வாதாடினேன், எடுபடவில்லை. கேட் வரைக்கும் அவள்கூட நடந்து போனேன். "இனிமே நான் எங்க போயி கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவாங்களா மேடம்?" என்று கேட்டாள். நாலு கம்பெனி வாசலும் அவளுக்கு ஒரே நாளில் அடைபட்டுவிட்டது.

போனில் முனிரத்தினத்தைப் பிடித்துக் கத்தினேன். "உங்க ஏரியில வலை போட்டாச்சு சார். ஒரு பொண்ணு பொழப்பு அதுல மாட்டிக்கிச்சு" என்றேன். "ஞாயித்துக்கிழமை வாங்க, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அவள் எழுதிக் கொடுத்த அட்ரஸ்படி கெலமங்கலத்தில் இறங்கி விசாரித்தால் அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. தபால்காரர்தான் கை காட்டினார். ராகிக் காட்டையும் தக்காளித் தோட்டங்களையும் தாண்டி நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். ஓர் ஓடையில் என் செருப்பு அறுந்தது. ஆலக்கல்தொட்டி என்ற அந்தச் சின்ன ஊரை எங்கள் நான்கு கம்பெனியில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. கௌரம்மா குடிக்க மோர் கொடுத்தாள்.

"அட்ரஸ்ல கெலமங்கலம்னுதான் சார் எழுதுவோம். போஸ்டாபீஸ் அங்கதானே இருக்குது. எங்க ஊரு பேரு எழுதினா உங்களுக்குத் தெரியவா போவுது?" என்றாள். "பஸ்ஸைப் புடிக்கணும்னா இருட்டோட கெளம்பணும். ஆனை வர்ற தடம். மழை வந்துட்டா ஓடையில எறங்க முடியாது. ரெண்டு நாளு லேட்டா போனா சூப்பர்வைசர் வாய்க்கு வந்ததைப் பேசறாரு. மானம் போவுதேன்னு நானே நின்னுட்டேன்."

பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். எல்லாரும் எங்கள் தாளில் 'நின்றவர்கள்.' முனிரத்தினம் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதியிருந்ததை நம்பி கெலமங்கலத்துலயே பஸ்ஸை நிறுத்தினேன். மைசூர்பாகு வேற குடுத்தேன்" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் கொண்டுவந்த தாளில் பெயர்களே இல்லை. ஊர் மட்டும் இருந்தது. போஸ்டாபீஸ் ஊர் இல்லை, படுத்து எழுந்திருக்கிற ஊர். உபயோகமானதே பெயர்தான் என்று மேனேஜர்கள் சண்டைக்கு வந்தார்கள். அன்று அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "பேரு இருந்தா ஆளைத் தள்ளத்தான் தோணும். ஊரு இருந்தா பஸ்ஸு அனுப்பத் தோணும். பேரு வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க." சட்டையிலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் இரண்டு பெண் பிள்ளைகளும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

தாள் அவர் சொன்னபடியே மாறியது, வேலையும் போகவில்லை. ஆனால் அவருக்கு வரவேண்டிய மேனேஜர் பதவி வேறு ஒருவருக்குப் போனது. கடைசிவரை ஆபீசராகவே இருந்தார். பஸ் ஆலக்கல்தொட்டி வரைக்கும் போயிற்று. முன்கண்ணாடியில் அந்த ஊர்ப் பெயரை எழுதவைத்தவரும் அவர்தான். கௌரம்மா எங்களிடம் சேர்ந்தாள். இப்போது ஒரு லைனுக்கே அவள்தான் பொறுப்பு.

முனிரத்தினத்தின் உடலை எடுத்த அன்று அவள் அழுகையை நிறுத்த முடியவில்லை. "போன வாரம்கூட கேட்டாரு மேடம், உங்க ஊருக்கு அந்தாண்ட யாராச்சும் நடந்து வர்றாங்களான்னு. ரெண்டு வீட்டுப் பொண்ணுங்க வர்றாங்க சார்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நானும் உடைந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை வழக்கமான கூட்டம். தள்ளிவைக்கலாம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கம்பெனியிலிருந்து வந்த புது ஆள் தாளை நீட்டினார். ஊர்கள் ஒழுங்காக இருந்தன. கௌரம்மா சொன்ன அந்த இரண்டு வீடுகளையும் அடியில் எழுதிச் சேர்த்தேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். இனி யாராவது கேட்டாக வேண்டுமே என்று தாளைத் தூக்கிப் பிடித்து, "இதுல யாரு இல்லை?" என்றேன்.

எல்லோரும் அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.