ஸ்கூட்டர் பெட்டியில் பதினோரு நாள்

தபாலில் சேர்க்கச் சொல்லி நண்பன் தந்த உறையைப் பதினோரு நாள் என் ஸ்கூட்டர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். மறதியால் அல்ல. அந்த நாட்களில் அவனைப் போலவே படங்கள் எடுத்து, என் பெயரில் முந்தி அனுப்பினேன்.

எண்பதுகளின் கடைசி. இருவருக்கும் வீடு ராஜபாளையம். அவன் நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். நான் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வரும் ஆசிரியர். இருவருக்கும் புகைப்படப் பைத்தியம். மதுரையில் ஒரு புகைப்படக் கழகம் போட்டி அறிவித்தது: ஆறு படங்கள்; ஆறும் ஒரே ஆள் எடுத்தவை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். என் படங்களில் கோபுரம் இருந்தது, அஸ்தமனம் இருந்தது, சுருக்கம் விழுந்த கிழவர் இருந்தார். நான் இல்லை.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டை நாய் ஒன்றை எடுக்கக் குப்புறப் படுத்தான். நாய் லென்ஸை நக்கிவிட்டுப் போய்விட்டது. அவன் எழவில்லை.

“ஏலே, இங்க படுத்துப் பாரு. ஊரே வேற மாதிரி இருக்கு!”

அதன் பிறகு அவனை நிமிர்த்த முடியவில்லை. சட்டையின் முன்புறம் சாக்குத் துணி தைத்துக்கொண்டு கண்ட இடத்தில் விழுந்தான். பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு என்று பயந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்.

“வலிப்பு இல்லண்ணே, போட்டோ!”

“எல்லாரும் அப்படித்தாம்லே சொல்லுவாங்க. சாவிய விட்றாத!”

ஆலை வாசலில் ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் அலறினார்கள். “ஏட்டி, கீழ ஒருத்தன் கிடக்கான்!”

“காலும் தூக்குச்சட்டியும் மட்டுந்தான்க்கா எடுக்கேன்.”

“முன்னாலயே சொல்லப்படாதா? நாளைக்குக் கொலுசு போட்டுட்டு வாரேன்.”

அந்தப் படத்தில் தூக்குச்சட்டிகள் பானை பானையாகத் தொங்கும். ஆலைப் புகைபோக்கி விரல் அளவுதான் இருக்கும்.

ஆறு படங்களும் சேர்ந்ததும் உறையை என்னிடம் தந்தான். “நீதான் போஸ்டாபீஸ் வழியாப் போற. பதிவுத் தபால்ல போட்டுரு.”

உறை ஒட்டியிருக்கவில்லை. வழியில் நிறுத்திப் பார்த்தேன். பொறாமையில் உறையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாள் தேரடியில் நானும் படுத்தேன். தேர்ச் சக்கரம் வானத்தை மறைத்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த பால்கோவாப் பொட்டலம் ஆடி ஆடி என் மூக்கை நோக்கி வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்தத் தப்பும் செய்ததில்லை.

ஒன்பதாம் நாள் என்னுடையதை அனுப்பினேன். பதினோராம் நாள் அவனுடையதை. எனக்கு இரண்டாம் பரிசு. அவன் படங்கள் ஒரு குறிப்போடு திரும்பின: முதலில் வந்த இன்னொருவரின் பாணியைப் பார்த்து எடுத்தவை.

“நீயும் படுத்தியா? சொல்லவே இல்லையேலே!” என்று என் பரிசுப் படங்களைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த ஞாயிறு அவன் சட்டையில் சாக்குத் துணி இல்லை. பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

அதைப் பார்த்த பிறகுதான் கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, பரிசுக் கேடயத்தையும் திருப்பி அனுப்பினேன். அவர்களுடைய செய்திமடலில் நான்கு வரித் திருத்தம் வந்தது. அதை ஆலை வாசலில் அவனிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தான்.

“பதினோரு நாளா? அந்த வெயில்ல படமெல்லாம் சுருண்டிருக்குமேலே!”

ஆனால் மறுபடி அவன் தரையில் படுக்கவே இல்லை.

அடுத்த வருஷப் போட்டிக்கு ஏணியோடு வந்தான். சந்தையில் தலைகளையும் கூடைகளையும் உச்சியிலிருந்து எடுத்தான். கீழே ஏணியைப் பிடிக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன்.

“போன வருஷம் தரையில கிடந்தாரு, இப்ப ஏணியில தொங்குதாரு. அடுத்த வருஷம் கெணத்துக்குள்ளயாண்ணே?” என்று என்னிடம் கேட்டாள் தக்காளிக்காரி. அவன் சிரித்த சிரிப்பில் ஏணியே குலுங்கியது. நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு படங்கள் தேறின. உறையை ஒட்டிவிட்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“இருக்கட்டும்லே,” என்றான். தபால் நிலையம் வரைக்கும் அதை மடியிலேயே வைத்திருந்தான்.