முன் வயல்

கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, நெரவிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிய வருடம், அப்பாவின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்து நெல்லை மழையிடமிருந்து காப்பாற்றிவிடுவது என்று இறங்கினேன். அதற்கு முந்தைய இரண்டு தையிலும் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக் கதிர் சாய்ந்திருந்தது. எதெல்லாம் தவறலாம் என்று ஒரு நோட்டில் எழுதினேன். புயல், ஆற்றில் தண்ணீர் தாமதம், புகையான் பூச்சி, அறுப்பு மிஷின் கிடைக்காமல் போவது என்று பன்னிரண்டு வரி வந்தது. குறுகிய கால நெல்லைப் போட்டு மார்கழிக்குள் அறுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"நீ சொன்னா சரிதாம்மா. எந்த நாள்னு மட்டும் சொல்லு, மிஷினுக்குச் சொல்லிடுறேன்" என்றார் அப்பா.

சாலைக்கும் எங்கள் வயலுக்கும் நடுவில் இருப்பது அத்தையின் வயல். உறவில்லை, அப்படி அழைத்துப் பழக்கம். உறைமோர் வாங்க வந்தவர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னடி எழுதுற?"

"மழையை எழுதுறேன் அத்தை."

"அப்ப எங்களுக்கும் சேத்து எழுது."

சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

மார்கழிக் கடைசியில் எங்கள் கதிர் பழுத்தது. தை பிறந்ததும் மழை என்று செய்தி. மிஷினோ மழைக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் சாலையில் நின்றபடி கேட்டார்:

"எந்த வழியா இறக்குறது பாப்பா? இது மிஷினு, கொக்கு இல்ல."

அத்தை வழக்கம்போல நீண்ட கால நெல் போட்டிருந்தார். பச்சையாக நின்றது. ஊரே ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நடும். எங்கள் முறை வரும்போது முன் வயல் அறுத்து வெறுமையாகக் கிடக்கும். அதில்தான் மிஷின் வரும். அதைப் பாதை என்றுகூட யாரும் நினைத்ததில்லை. என் பன்னிரண்டு வரியிலும் அது இல்லை.

அத்தை வேகமாக வந்து அப்பாவிடம் சொன்னார். "எங்கத ஓரமா அறுத்துக்கிட்டுப் போங்கண்ணே. மாட்டுக்குப் போட்டதா நெனச்சுக்குறேன்."

"வேணாம் தங்கச்சி. பால் கட்டுற கதிரு" என்று சொல்லி அப்பா மிஷினைத் திருப்பி அனுப்பினார்.

கையறுப்புக்கு நான்கு பேர்தான் கிடைத்தார்கள். இரண்டு மா அறுத்து வரப்பு வழியாகத் தலையில் சுமந்தோம். மழை பிடித்ததும் மீதி நெல் படுத்து, தண்ணீரில் கிடந்தபடியே முளைவிட்டது.

அப்பா அடுத்த போகத்துக்கு என்னிடம் நாள் கேட்கவில்லை.

நோட்டை எட்டிப் பார்த்த அன்றைக்கே, "நீங்க என்ன நெல்லு போடுறீங்க அத்தை?" என்று கேட்டிருக்கலாம். சேர்த்து எழுது என்று அவர் சொன்னதை நான் வேடிக்கை என்று நினைத்துவிட்டேன்.