கலயத்துக்குள் இருந்த மஞ்சள் குருவி

துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் சித்தப்பா ஒரு கம்பிக்கூண்டை வாங்கிவந்து கூடத்து ஜன்னல் ஓரம் மாட்டினார். உள்ளே இரண்டு லவ் பேர்ட்ஸ். பச்சை ஆண், மஞ்சள் பெண். முட்டையிடுவதற்கு ஒரு மண்கலயமும் கட்டியிருந்தது. கல்யாணமான சூட்டிலேயே மனைவியை விட்டுப் போகிறவர், அவளுக்குத் துணையாக எதையாவது வைத்துவிட்டுப் போக நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காசு கொடுத்துப் பறவை வாங்கியதில்லை. பூதலூர்ப் பக்கம் வயலில் இறங்குகிற பறவைகளை விரட்டவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

அப்பாவுக்குக் குருவிகள் மேல் கோபமில்லை. தினை மேல்தான் கோபம். தினை வாங்கிவரச் சித்தி என்னைக் கடைக்கு அனுப்பும்போதெல்லாம், "நெல்லு விளையிற வீட்ல குருவிக்குத் தினை வாங்கிப் போடுறாங்களாம். வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்று தூணைப் பார்த்துச் சொல்வார். தூணுக்குச் சொன்னால் சித்திக்குச் சொன்னதாக அர்த்தம். கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. சித்தி பதிலை என்னிடம் சொல்வாள். நான் அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை அப்பாவிடம் சேர்ப்பேன்.

குறுவைக் கதிர் பால் பிடித்திருந்த சமயம். அப்பா வயலிலிருந்து ஒரு கொத்துக் கதிரை அறுத்துவந்து கூண்டுக் கம்பியில் செருகினார். "திங்கட்டும். இதுக்கு மேல என்ன வேணும்?" ஆண் ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுத் தினைக்கே திரும்பிவிட்டது. பெண் மட்டும் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்ததுபோல மணிமணியாக உரித்துத் தின்றது. அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வயலுக்கு முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடித்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. மஞ்சள் குருவி கூண்டின் தரையில் கிடந்தது. அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு வந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அது வெள்ளிக்கிழமை, சித்தப்பா வீடியோவில் வருகிற நாள். எடுத்த எடுப்பிலேயே, "எங்க மஞ்சளைக் காணோம்?" என்றார். உங்கள் அண்ணன் போட்ட கதிரைத் தின்று செத்துப்போனது என்று சித்தி எப்படிச் சொல்வாள்?

"கலயத்துக்குள்ள இருக்குங்க. முட்டை வச்சிருக்கு" என்றாள்.

அம்மா ஈரக்கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா சத்தமில்லாமல் வாசலுக்குப் போனார்.

சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்பதோடு முடிகிற பேச்சு அதற்குப் பிறகு வெகுநேரம் நீண்டது. ஒருநாள், "குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள வந்துரலாம்னு பாக்குறேன். லீவு கேட்டிருக்கேன்" என்றார். சித்தி முகமெல்லாம் சிவந்துபோய், போனைச் சாய்த்துக் கலயத்தின் வாயைத் தூரத்திலிருந்தே காட்டினாள். "உள்ளதான் படுத்திருக்கு. இப்பத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்க" என்றாள். மறுநாள் அந்தக் காலிக் கலயத்துக்குள் அவள் தேங்காய்நாரைப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு சித்தி?" என்று கேட்டேன்.

"சும்மா இரு பாப்பா."

இதில் வெந்துகொண்டிருந்தவர் அப்பாதான். தன் தப்பை மூடிமறைக்க ஒரு பெண் வாராவாரம் பொய் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது நேராகக் கூடத்துக்கு வந்து, சித்தியிடம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, மஞ்சக் குருவி செத்துப்போச்சுடா. மருந்தடிச்ச கதிரை நாந்தான் போட்டுட்டேன். முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணு மறைச்சுது. அதைக் கோவிச்சுக்காத."

சித்தப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "விடுங்கண்ணே, குருவிதானே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்ப லீவை அடுத்த வருஷம் பாத்துக்கிறேன். இங்க வேலையும் நெருக்கடியா இருக்கு" என்றார்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய பாரம் இறங்கியதென்று அம்மாவிடம் சொன்னார். அன்றுதான் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

எனக்கும் சந்தோஷம். சித்தியின் அறைக்கு ஓடிப்போய், "இனிமே பொய் சொல்ல வேணாம் சித்தி. அப்பாவே சொல்லிட்டாங்க" என்றேன். என்னை ஒருநாளும் கடிந்து பேசாத சித்தி, "போ வெளிய" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. செத்த அன்றைக்கு அழாதவள், ஒரு குருவிக்காக இத்தனை நாள் கழித்து இப்படி அழுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவிடம் போய், சித்திக்கு அதே மாதிரி இன்னொரு மஞ்சள் குருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன்.